பட்டணத்தின் வரலாற்றில் பூந்தமல்லிக்கும் பங்குண்டு!

ஆகஸ்டுத் திங்கள் 22-ஆம் நாள் வந்தால் சென்னைக்குப் பிறந்த நாள் கொண்டாடுகிறார்கள். 2004-ஆம் ஆண்டு தொடங்கிய பழக்கம் இது. கண்காட்சி நடக்கிறது, சொற்பொழிவு நடக்கிறது, பழைய கட்டடங்களைச் சுற்றிக் காட்டுகிறார்கள். நல்ல காரியம்தான். பிறந்து வளர்ந்த ஊரின் கதையை அறிந்துகொள்வது எவருக்கும் இழுக்கு ஆகாது.

ஆனால், அந்தச் சுற்றுலா எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கவனித்துப் பார்த்தால் நமக்கு ஒரு கேள்வி எழுகிறது. செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் தொடங்குகிறது. உயர்நீதிமன்றம், சேப்பாக்கம், செனட் மாளிகை என்று கடலோரமாகவே போய்ச் சாந்தோமில் முடிகிறது. கடலைப் பார்த்து நிற்கும் கட்டடங்களுக்கு மட்டுந்தான் வரலாறு உண்டா? மேற்கே இருக்கும் அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் வரலாறு கிடையாதா? விடியற்காலை ஷிப்டுக்கு ஓடும் தொழிலாளிக்கும், இரவு ஷிப்டு முடித்துத் திரும்பும் தொழிலாளிக்கும் இந்தப் பட்டணத்தின் பழம்பெருமையில் பங்கு உண்டா, இல்லையா?

உண்டு என்கிறோம் நாம். அதுவும் பிச்சையாகக் கிடைக்கும் பங்கு அன்று. உழைத்துச் சேர்த்த பங்கு. ஆதாரத்தோடு சொல்லுகிறோம், தோழர்கள் சற்றுப் பொறுமையாகக் கேட்க வேண்டுகிறோம்.

நிலம் தந்தவன் எங்கே இருந்தான்?

1639-ஆம் ஆண்டு ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினியின் ஊழியன் பிரான்சிஸ் டே, சோழமண்டலக் கரையில் கடை வைக்க இடம் தேடி அலைந்தான். அவனுக்கு வேண்டியது துணி. நம்முடைய நெசவாளி நெய்த துணியை மலிவாக வாங்கிக் கப்பலேற்றிக் கொள்ளை இலாபத்துக்கு விற்க வேண்டும். அதற்கு ஒரு கடற்கரை ஊர் வேண்டும். அன்று இப்பகுதியை ஆண்டவர்கள், சந்திரகிரியில் இருந்த விசயநகர வழி மன்னருக்குக் கட்டுப்பட்ட தாமர்ல நாயக்கர்கள். அண்ணன் வேங்கடாத்திரி நாயக்கர் வந்தவாசிப் பக்கம் அதிகாரம் செலுத்தினார். தம்பி ஐயப்ப நாயக்கர் கடலோரச் சீமையைக் கவனித்துக்கொண்டார். அந்தத் தம்பி கொலு வீற்றிருந்த ஊர் எது தெரியுமா? பூந்தமல்லி!

ஆங்கிலேயனுக்கு வழிவிட்டவர் பூந்தமல்லியில் இருந்த ஐயப்ப நாயக்கர். பேரத்துக்குத் துணை நின்றவர் பேரி திம்மப்பா என்ற துபாஷ். 1639 ஆகஸ்டில் சாசனம் கிடைத்தது. 1640 பிப்ரவரியில் கும்பினியார் வந்து இறங்கிக் கோட்டை கட்டத் தொடங்கினார்கள். நாயக்கர்களின் தகப்பனார் சென்னப்பர் பெயரால் சென்னப்பட்டினம் என்ற பெயர் வந்தது என்பர்.

வெற்று மணல்மேட்டில் வெள்ளைக்காரன் பட்டணத்தைப் படைத்தான் என்று சொல்லுவோர் இன்றும் உண்டு. அவர்கள் திருவல்லிக்கேணியையும் மயிலாப்பூரையும் மறந்துவிட்டார்கள் போலும்! கோட்டை எழுவதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே அவை இருந்த ஊர்கள். நம் மேற்குப் பகுதியும் அப்படியே. தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களில் புழல் கோட்டம் ஒன்று. பாடியில் உள்ள திருவலிதாயமும், ஆவடிக்கு அருகில் உள்ள திருமுல்லைவாயிலும் தேவாரத்தில் இடம் பெற்றவை. பூந்தமல்லி, இராமானுசர் காலத்துத் திருக்கச்சி நம்பிகளின் ஊர். இன்னும் மேற்கே, திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில், 1863-ஆம் ஆண்டு இராபர்ட் புரூஸ் பூட் என்ற நிலவியல் அறிஞர் ஆதிமனிதனின் கல்லாயுதங்களைக் கண்டெடுத்தார். அவற்றுள் மிகப் பழையவை ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முந்தியவை என்று 2011-இல் வெளிவந்த ஆராய்ச்சி கூறுகிறது. கையால் கருவி செய்து வேலை செய்த முதல் தொழிலாளி, கோட்டைக்கு மேற்கேதான் வாழ்ந்திருக்கிறான்!

கதவடைத்தால் கோட்டைக்குச் சோறில்லை

கோட்டை கட்டினார்கள், பீரங்கி வைத்தார்கள், கொடியேற்றினார்கள். ஆனால் சோறு? கோட்டைக்குள் நெல் விளைந்ததா? மணலில் காய்கறி காய்த்ததா? எல்லாம் மேற்கே இருந்து வண்டியில் வரவேண்டும். ஏரிப் பாசனத்தில் விளைந்த நெல்லும், தறியில் நெய்த துணியும் பூந்தமல்லிச் சீமையின் வழியே பட்டணத்துக்குப் போயின.

விசயநகரத்தின் அதிகாரம் மறைந்து கோல்கொண்டா சுல்தானின் ஆட்சி வந்த பிறகும் பூந்தமல்லி அதிகாரியின் இருப்பிடமாகவே இருந்தது. 1672-இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, கும்பினி ஆண்டுக்கு 1,200 வராகன் கப்பம் கட்டியது. 1680-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பூந்தமல்லியில் அதிகாரியாக இருந்த லிங்கப்பா, கும்பினியாரோடு பிணக்கு ஏற்பட்டபோது என்ன செய்தார்? படை எடுத்தாரா? இல்லை. பட்டணத்துக்குப் போகும் தானியத்தையும் சரக்கையும் நிறுத்தினார். கோட்டைக்குள் இருந்தவர்கள் கலங்கிப் போனார்கள். பீரங்கி வைத்திருந்தவன், நெல் வண்டிக்காகக் கைகட்டிக் காத்துக் கிடந்தான்!

இதில் தொழிலாளத் தோழர்கள் அறியவேண்டிய பாடம் ஒன்று உண்டு. மதில் எவ்வளவு உயரமாக இருந்தாலும், உள்ளே இருப்பவனை வாழவைப்பது வெளியே இருப்பவனின் உழைப்பே.

காலம் மாறியது. கப்பம் கட்டியவன் கப்பம் வாங்குபவன் ஆனான். 1763-இல் ஆற்காட்டு நவாபு செங்கற்பட்டுச் சீமையைக் கும்பினிக்கு ஜாகீராகக் கொடுத்தார். பூந்தமல்லியும் அதில் சேர்ந்தது. உடனே கும்பினி, தாமஸ் பர்னார்டு என்பவரைக் கொண்டு 1767 முதல் 1774 வரை ஊர் ஊராக அளந்து கணக்கெடுத்தது. எத்தனை வீடு, எத்தனை ஏரி, எத்தனை மாடு, எவ்வளவு விளைச்சல், யாருக்கு எவ்வளவு பங்கு என்றெல்லாம் எழுதி வைத்தார்கள். வரி வாங்க எழுதிய கணக்கு அது. ஆயினும் அதனால் நமக்கு ஒரு நன்மை விளைந்தது. அந்தக் கணக்குகளும், அவற்றுக்கு ஆதாரமாக இருந்த ஓலைச் சுவடிகளும் பிற்காலத்து ஆய்வாளர் தரம்பால் போன்றோர் கையில், அந்நியன் ஆட்சிக்கு முன் நம் ஊர்கள் எப்படி வாழ்ந்தன என்பதற்குச் சாட்சியாயின.

வெள்ளையர் நகரமும் கறுப்பர் நகரமும்

கோட்டைக்குள் வெள்ளையர் நகரம். வெளியே கறுப்பர் நகரம். பெயரே அப்படித்தான் வைத்திருந்தார்கள். கும்பினிக்குத் துணி கொடுத்த வணிகனும், நெய்தவனும், வெளுத்தவனும், சுமந்தவனும் வாழ்ந்தது கறுப்பர் நகரம். 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தார்கள்; 1749-இல் திரும்பக் கொடுத்தார்கள். இந்தப் போர்க் காலங்களில், கோட்டைச் சுவரை ஒட்டி வீடுகள் இருந்தால் பகைவன் மறைந்து தாக்க வசதி என்று சொல்லிப் பழைய கறுப்பர் நகரத்தை இடித்துத் தள்ளினார்கள். குடியிருந்தவர்கள் வடக்கே தள்ளி வீடு கட்டிக்கொண்டார்கள். அந்தப் புதிய கறுப்பர் நகரத்துக்குத்தான் 1906-இல் ஜார்ஜ் டவுன் என்று பெயர் மாற்றினார்கள். பழைய நகரம் இருந்த இடத்தில் இன்று நிற்பதுதான், 1892-இல் கட்டி முடித்த செந்நிற உயர்நீதிமன்றம்.

உழைப்பாளி வாழ்ந்த பேட்டைகளையும் எண்ணிப் பாருங்கள். 1734-இல் நெசவாளர், நூற்பவர், துணியில் வண்ணம் தீட்டுபவர் ஆகியோரைக் குடியேற்றி உண்டாக்கியது சிந்தாதிரிப்பேட்டை. வெளுப்போர் வாழ்ந்ததால் பெயர் பெற்றது வண்ணாரப்பேட்டை. துறைமுகம் கட்டத் தொடங்கிய 1875-க்கு முன்னே, ஆழ்கடலில் நிற்கும் கப்பலுக்கும் கரைக்கும் இடையே அலையோடு போராடி, சரக்கையும் ஆளையும் மசூலாப் படகில் ஏற்றி இறக்கியவர்கள் நம் கடலோர மீனவர்கள். அந்தப் படகுக்காரன் துடுப்பு வலிக்கவில்லை என்றால், இலண்டனிலிருந்து வந்த கவர்னர் கரை காண முடியாது! கவர்னர்களின் பெயரில் தெருக்கள் இருந்தன, படங்கள் தொங்கின. படகுக்காரனின் பெயர் எங்கே இருக்கிறது?

செங்குன்றத்துக் கல்லும் இராயபுரத்து இரயிலும்

இந்தியாவில் முதல் இரயில் 1853-இல் பம்பாயிலிருந்து தாணாவுக்கு ஓடியது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். பயணிகள் இரயிலைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் அதற்கு 16 ஆண்டுகளுக்கு முன்பே, 1837-இல், அம்பத்தூருக்கு வடக்கே உள்ள செங்குன்றத்தில் இரும்புப் பாதை போட்டாயிற்று. பட்டணத்துச் சாலைகளுக்குப் போடச் செம்பாறைக் கல் வேண்டும். அந்தக் கல்லை ஏற்றி வரப் போட்ட பாதை அது. அதில் ஈடுபட்ட எஞ்சினியர் ஆர்தர் காட்டன்; பின்னாளில் கோதாவரி அணையால் புகழ்பெற்றவர். நாட்டின் முதல் இரும்புப் பாதை என்று வரலாற்றாசிரியர்கள் குறிக்கும் அந்தப் பெருமை நம் பகுதிக்கு உரியது. அந்தக் கல்லை உடைத்தவர் எத்தனை பேர்? ஏற்றியவர் யார்? ஏட்டில் எஞ்சினியர் பெயர் இருக்கிறது. உளி பிடித்தவன் பெயர் இல்லை.

பிறகு 1856 ஜூலை முதல் நாள், இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னாட்டின் முதல் பயணிகள் இரயில் ஓடியது. சுமார் 100 கிலோமீட்டர் தூரம். அந்தப் பாதை நம்முடைய அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர் வழியாகவே சென்றது. இன்று தொழிலாளர் தொங்கிக்கொண்டு போகும் அரக்கோணம் லோக்கல் வண்டி, அந்த முதல் வண்டி ஓடிய தடத்தில்தான் ஓடுகிறது. இராயபுரம் நிலையக் கட்டடம் இன்றும் நிற்கிறது. நம் நாட்டில் இன்று நிற்கும் இரயில் நிலையங்களில் மிகப் பழையது அதுவே.

இரயிலை வெள்ளைக்காரன் நமக்குக் கொடுத்த கொடை என்று பேசுவோர் உண்டு. கொடையின் கணக்கைப் பார்ப்போமா? இரயில் கம்பெனியின் பங்குதாரர்கள் இங்கிலாந்தில் இருந்தார்கள். அவர்கள் போட்ட முதலுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சதவீதம் வட்டி உறுதி என்று சர்க்கார் எழுதிக் கொடுத்தது. இரயிலில் நட்டம் வந்தாலும் வட்டி போய்ச் சேரும். அந்த வட்டி எந்தப் பணம்? இந்த நாட்டு உழவன் கட்டிய வரிப் பணம்! இலாபம் அங்கே, நட்டம் இங்கே. மண் வெட்டியவனுக்கோ அன்றன்றைக் கூலி.

குடித்த தண்ணீரும் நம் ஏரித் தண்ணீரே

பட்டணத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? தொடக்கத்தில் கிணறுகள். 1772-இல் ஏழுகிணற்றிலிருந்து கோட்டைக்குத் தண்ணீர் கொண்டுபோனார்கள். மக்கள் பெருகினார்கள், கிணறு போதவில்லை. நோயும் பெருகியது. 1872-இல், கொசத்தலை ஆற்றில் தாமரைப்பாக்கம் அணைக்கட்டிலிருந்து சோழவரம் ஏரிக்கும், அங்கிருந்து புழல் ஏரிக்கும், புழலிலிருந்து மண் கால்வாய் வழியே கீழ்ப்பாக்கத்துக்கும் தண்ணீர் கொண்டுவந்தார்கள். 1914-இல் கீழ்ப்பாக்கத்தில் தண்ணீரைச் சுத்தம் செய்யும் நிலையம் அமைந்தது. அதை அமைத்த எஞ்சினியர் மேட்லியின் பெயரைத் தியாகராய நகரில் ஒரு சுரங்கப்பாதை தாங்கி நிற்கிறது. பிறகு 1944-இல் பூண்டி நீர்த்தேக்கம் முடிந்தது. சென்னை மேயராக இருந்து அதற்குப் பாடுபட்ட சத்தியமூர்த்தியின் பெயரை அதற்கு வைத்தார்கள்.

புழல், சோழவரம், பூண்டி, செம்பரம்பாக்கம் எல்லாம் மேற்கிலும் வடமேற்கிலும் இருப்பவை. கடலோரத்து மாளிகையில் இருந்தவன் குடித்தது நம் ஏரித் தண்ணீர். பழைய ஏரிகளும் மரபுச் சின்னங்களே என்று யாராவது சொன்னால் சிலர் சிரிப்பார்கள். கோபுரம் இருந்தால்தான் சின்னமா? கலங்கலும் மதகும் கரையும் கட்டிய அறிவு, கல்லில் குதிரை செதுக்கிய அறிவுக்கு எந்த வகையில் தாழ்ந்தது?

பூந்தமல்லிச் சாலையில் நிற்கும் சாட்சிகள்

இன்று பெரியார் ஈ.வெ.ரா. சாலை என்று வழங்கும் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஒருமுறை கவனித்துப் போய்வாருங்கள். 1873-இல் எழுந்த சென்ட்ரல் நிலையம், விக்டோரியா பொது மண்டபம், 1913-இல் திறந்த மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை, 1850-இல் தொடங்கிய ஓவியக் கலைப் பள்ளி, 1821-இல் கட்டிய ஆண்ட்ரூஸ் கோயில் ஆகியவை எல்லாம் அந்தச் சாலையில் வரிசையாக நிற்பவை. பட்டணத்தின் பெருமைகளில் பாதி, பூந்தமல்லிக்குப் போகும் வழியில் இருக்கிறது!

இவற்றை யார் கட்டினார்கள் என்று கேட்டால் சிஷோம், இர்வின், ஹாரிஸ் என்று வெள்ளைக்கார நிபுணர்கள் பெயர் வரும். வரைபடம் போட்டவர்கள் அவர்கள், திறமைசாலிகள், மறுப்பதற்கில்லை. கொஞ்சம் தோண்டினால் ஒப்பந்தக்காரர் பெயரும் கிடைக்கும். உயர்நீதிமன்றத்தையும் விக்டோரியா மண்டபத்தையும் கட்டியவர் நம்பெருமாள் செட்டியார். ரிப்பன் மாளிகையை ஏழரை இலட்சம் ரூபாய்ச் செலவில் கட்டியவர் லோகநாத முதலியார். அதற்கும் கீழே தோண்டினால்? ஒன்றும் இல்லை. செங்கல் சுட்டவன், கிளிஞ்சல் சுட்டுச் சுண்ணாம்பு அரைத்தவள், சாரத்தில் ஏறி வளைவு கட்டிய கொத்தன், மரத்தில் பூ வேலை செய்த தச்சன் ஆகியோரின் பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை. பளிங்குபோல் பளபளத்த சென்னைச் சுண்ணாம்புப் பூச்சைக் கண்டு வெளிநாட்டார் வியந்து எழுதினார்கள். அதைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிய கையைப் பற்றி எழுதியவர் அரிது.

உயர்நீதிமன்றத்தைப் பற்றித் தொழிலாளி அறியவேண்டிய வேறு ஒரு கதையும் உண்டு. 1876-78 ஆண்டுகளின் கொடும் பஞ்சத்தில் இலட்சக்கணக்கில் மக்கள் மாண்டார்கள். கூலிக்கு மண் வெட்ட வந்த பஞ்சப் பட்டாளத்தைக் கொண்டு அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து வெட்டிய கால்வாய்க்கு, அன்றைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர். பெரம்பூரில் எழுந்த பருத்தி ஆலைக்கும் அவர் பெயரே. அந்தப் பக்கிங்காம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளரைக் கொண்டு 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைவர், திரு.வி.க. துணை நின்றார். ஆலை முதலாளிகள் உயர்நீதிமன்றம் ஏறினார்கள். தொழிலாளரைத் தூண்டிவிட்டு எங்கள் ஒப்பந்தத்தைக் கெடுக்கிறார்கள் என்று வழக்குப் போட்டார்கள். சங்கத் தலைவர்களுக்குத் தடை உத்தரவும், பெருந்தொகை நட்டஈடும் விதித்தது நீதிமன்றம். சங்கம் வைப்பதே சட்டத்துக்குப் புறம்பா என்று நாடெங்கும் கொதிப்பு எழுந்தது. அந்தக் கொதிப்பின் விளைவுகளில் ஒன்றுதான் 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம். அதே நீதிமன்றத்துக்கு எதிரே உள்ள கடற்கரையிலும், திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் 1923 மே முதல் நாள் சிங்காரவேலர் மே தினக் கூட்டம் நடத்தினார். இந்தியாவில் நடந்த முதல் மே தினம் அது. செங்கல் கட்டடத்தின் கோபுரத்தைக் காட்டுகிறவர்கள் இந்தக் கதையையும் காட்டவேண்டாமா?

ஆவடியும் அம்பத்தூரும் எழுதிய அத்தியாயம்

இரண்டாம் உலகப் போரின்போது ஆவடியில் படைக்கலக் கிடங்கு வந்தது. அந்தக் கிடங்கின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கித்தான் ஆவடி என்ற பெயர் உண்டாயிற்று என்று சொல்லித் திரிவோர் உண்டு. ஊர் அதற்கு நெடுங்காலம் முந்தியது. இக்கதையைத் தோழர்கள் நம்பவேண்டாம். 1955 ஜனவரியில் இந்த ஆவடியில்தான் காங்கிரஸ் மாநாடு கூடிச் சோஷலிச பாணிச் சமுதாயம் என்ற தீர்மானத்தை நிறைவேற்றியது. அந்தத் தீர்மானம் எவ்வளவு நிறைவேறிற்று என்பது வேறு விவாதம். இந்திய அரசியலின் போக்கைக் குறித்த பெரிய கூட்டம் ஒன்று நம் பகுதியில் நடந்தது என்பதில் விவாதம் இல்லை.

1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள் கம்பெனி அம்பத்தூரில் மிதிவண்டி செய்தது. தமிழ்நாட்டில் எத்தனை தபால்காரர், எத்தனை ஆசிரியர், எத்தனை பால்காரர் அந்த வண்டியில் ஏறியிருப்பார்கள்! 1959-இல் டன்லப் டயர்த் தொழிற்சாலை வந்தது. 1961-இல் பாடிப் பக்கம் லூகாஸ் டி.வி.எஸ். வந்தது. 1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை. ஆயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தில் பட்டறைக்குப் பக்கத்தில் பட்டறை. கடைசல் இயந்திரத்தின் முன் நின்று நூலிழை அளவுகூடப் பிசகாமல் இரும்பைச் சீவிய கைகள், இந்த நாட்டின் மோட்டார்த் தொழிலுக்கு அடித்தளம் போட்டன. 1965-இல் ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து விஜயந்தா டாங்கி வெளிவந்தது. அரசுத் துறையின் நேரடிப் பொறுப்பில் இருந்த அந்தத் தொழிற்சாலை, 2021 அக்டோபர் முதல் தனிக் கம்பெனி ஒன்றின் கீழ் போய்விட்டது. இதுவும் வரலாறுதான், எழுதி வைக்கவேண்டிய வரலாறு.

நூறாண்டு ஆனால்தான் சின்னமா?

வெள்ளைக்காரன் கட்டியது இடிந்தால் நமக்கென்ன என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். கேட்பது நியாயமான கோபத்தால். ஆனால் எண்ணிப் பாருங்கள். பணம் நம் வரி. கல் நம் குன்று. கை நம் கை. கொடி மட்டுந்தான் அவனுடையது. கொடி 1947-இல் இறங்கிவிட்டது. கோட்டைக்குள் இன்று நடப்பது தமிழ்நாட்டுச் சட்டமன்றம். ஆகவே அந்தக் கட்டடங்கள் நம் சொத்து; அவற்றை இடிய விடுவது நம் முன்னோரின் கைவண்ணத்தை இடிய விடுவதாகும்.

இழந்தவை போதும். 1900-இல் திறந்து, ஏழை எளியவன் பழைய புத்தகமும் பழைய சட்டையும் வாங்கிய மூர் மார்க்கெட் 1985-இல் தீக்கிரையானது. அரசியல் கைதிகள் பலரைக் கண்ட மத்தியச் சிறைச்சாலையை 2009-இல் இடித்தார்கள். தொழிற்சங்கம் பிறந்த பக்கிங்காம் கர்நாடிக் ஆலையை 1996-இல் மூடினார்கள். சங்கொலி நின்றது, கட்டடமும் போயிற்று.

பழஞ்சின்னங்களைக் காக்க 1958-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி, ஒரு கட்டடம் சின்னம் என்று ஏற்கப்பட நூறாண்டு ஆகியிருக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கு நூறாண்டு நிறைவது 2064-இல்! அதுவரை எந்தக் கொட்டகை நிற்கும்? எந்த இயந்திரம் மிஞ்சும்? பழைய பட்டறை இருந்த இடங்களில் கண்ணாடி மாளிகைகள் எழுகின்றன. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2012-இல் மரபுச் சின்ன ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. அரண்மனைக்கும் தேவாலயத்துக்கும் மட்டுமன்றி, ஆலைக்கும் மதகுக்கும் இரயில் கொட்டகைக்கும் அச்சட்டம் பயன்படவேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

இது நடக்கக்கூடிய காரியமா? மற்ற நாடுகளில் நடந்திருக்கிறது. ஜெர்மனியில் ஃபோல்க்லிங்கன் என்ற ஊரின் இரும்பாலையை 1986-இல் மூடினார்கள். பழைய இரும்புக்கு எடை போட்டு விற்றுவிடவில்லை. 1994-இல் அது உலக மரபுச் சின்னமாயிற்று. ஸ்காட்லாந்தின் நியூ லனார்க் நூற்பாலைக் குடியிருப்புக்கும் 2001-இல் அந்தச் சிறப்புக் கிடைத்தது. அங்கே மக்கள் காசு கொடுத்துப் போய்ப் பார்ப்பது தொழிலாளி நின்ற இடத்தை. நம் நாட்டிலும் நீலகிரி மலை இரயில் 2005-இல் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. இரும்பாலைக்கும் நூற்பாலைக்கும் மலை இரயிலுக்கும் கிடைத்த மதிப்பு, செங்குன்றத்துக்கும் அம்பத்தூருக்கும் ஏன் கிடைக்கக்கூடாது?

நாம் செய்யவேண்டியது

அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. ஆவடி 2019-இல் தனி மாநகராட்சி ஆயிற்று. பூந்தமல்லிக்கு நகராட்சி இருக்கிறது. ஆகவே கேட்கவேண்டிய இடம் நமக்குத் தெரியும். ஐயப்ப நாயக்கர் இருந்த பூந்தமல்லியில் 1639-ஐச் சொல்லும் பலகை ஒன்று வேண்டும். செங்குன்றத்தில் 1837-ஐச் சொல்லும் கல் ஒன்று வேண்டும். தொழிற்பேட்டையில் பழைய கொட்டகை ஒன்றையாவது அப்படியே நிறுத்தி, பழைய கடைசல் இயந்திரங்களை அதில் வைத்துத் தொழிலாளர் காட்சிசாலை ஆக்கவேண்டும். ஏரிகளின் கரையையும் மதகையும் சின்னங்களாக அறிவித்துக் காக்கவேண்டும். இவை பெரிய செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. மனம் இருந்தால் ஒரு தீர்மானம் போதும்.

தீர்மானம் வரும்வரை நாம் கை கட்டி இருக்கவேண்டியதில்லை. ஒவ்வொரு படிப்பகத்திலும் ஒரு பெட்டி வையுங்கள். பழைய கேட் பாஸ், சம்பளச் சீட்டு, சங்கத் துண்டறிக்கை, போராட்டப் படம், மூடிய கம்பெனியின் அடையாள வில்லை ஆகியவற்றைப் பழைய காகிதக்காரனிடம் போடாமல் அதில் சேருங்கள். ஓய்வுபெற்ற பெரியவர்களிடம் போய் உட்காருங்கள். எந்த ஆண்டு வேலைக்குச் சேர்ந்தீர்கள், முதல் கூலி என்ன, முதல் வேலைநிறுத்தம் எது என்று கேட்டு, தேதியோடும் பெயரோடும் எழுதி வையுங்கள். அவர்கள் வீட்டுப் பெண்களிடமும் கேளுங்கள். அடுப்பு எரியாத நாட்களின் கணக்கு அவர்களிடந்தான் இருக்கும். வெள்ளைக்காரன் வரிக்காக எழுதிய கணக்கு 250 ஆண்டுகள் கழித்தும் நமக்குப் பயன்படுகிறது. நமக்காக நாமே எழுதும் கணக்கு எவ்வளவு பயன்படும்!

கடற்கரையில் 1959 முதல் உழைப்பாளர் சிலை நிற்கிறது. ராய் சௌத்ரி வடித்த அந்தச் சிலையில் நான்கு பேர் பெரும்பாறையை நெம்புகிறார்கள். கடற்கரைச் சிலைகள் பலவற்றுக்குப் பெயர் உண்டு. அந்த நால்வருக்கு மட்டும் பெயர் இல்லை. மெட்ரோ இரயிலின் இரண்டாம் கட்டத் திட்டத்தில் ஒரு தடம், பூந்தமல்லியிலிருந்து கடற்கரைக் கலங்கரை விளக்கத்துக்குப் போகிறது. மேற்கையும் கடலையும் இரயில் இணைக்கும். வரலாற்றை இணைக்கும் வேலை நம்முடையது. அந்த நால்வரின் பெயர்களைத் தேடி எழுதும் பணியை அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் உள்ள தோழர்கள் இந்த ஆண்டே தொடங்குவார்களாக!